பயந்த கை

பல்லடம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கடை. பெயர்ப்பலகையில் என்னவோ நீளமாக எழுதியிருக்கும், அதை யார் படித்தார்கள்? ஊருக்கு அது கை ஆஸ்பத்திரி. கை கால் இழந்தவர்கள் மாட்டிக்கொள்கிற கரண்ட் கை மக்கர் பண்ணினாலும், கரண்ட் கால் நடுரோட்டில் நின்றுபோனாலும் சனம் நேராக அங்கேதான் வரும். சுற்றிலும் மில்லும் தறியுமாக இருக்கிற சீமையில் கரண்ட் கைக்கா பஞ்சம்?

நவமணியும் ரஃபீக்கும் அந்தக் கடையைப் பதினோரு வருடமாகக் கூட்டாக நடத்துகிறார்கள். எதிரெதிராக இரண்டு மேசை, நடுவே ஒரு மின்விசிறி, சுவரில் ரஃபீக் தடித்த பேனாவால் எழுதி வைத்த மூன்று சொற்கள்: மூடு, ஏற்று, திற. அதுதான் கடையின் வேதம்.

அது என்னவென்று சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு கரண்ட் கைக்குள்ளும் ஒரு ஆன்டிவைரஸ் உண்டு. தொழிலில் இருப்பவர்கள் அதைக் காவக்காரன் என்பார்கள். கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்தால் கம்ப்யூட்டர் கெடும், அவ்வளவுதான். கையில் புகுந்தால் சோறு பிசைகிற கை பிசைந்தபடியே நிற்கும், பிள்ளையைப் பிடித்திருக்கிற கை நடுரோட்டில் பிடியை விட்டுவிடும். அதனால் காவக்காரன் இல்லாத கையை விற்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. ஆனால் அந்தக் காவக்காரனோடு மல்லுக்கட்டுவது பெரும்பாடு. புதிதாக எந்தப் புரோகிராம் வந்தாலும் வாசலில் நின்று குலைப்பான். ஒரு தடவை பூக்கட்டப் பழக்குகிற புரோகிராமையே நாசகாரன் என்று சொல்லித் துரத்தியிருக்கிறான். ஆகவே பத்து நிமிடம் அவனை மூடு, புரோகிராமை ஏற்று, பிறகு திற. எதற்காகக் குலைத்தான் என்று ஒருவரும் கேட்பதில்லை. தெருநாயிடம் போய் யாராவது காரணம் கேட்பார்களா?

அந்தச் சனிக்கிழமை காலை மாரப்பனும் அவர் மனைவி துளசிமணியும் கடைக்கு வந்தார்கள். மாரப்பனுக்கு நாற்பத்தாறு வயது. மில்லில் பஞ்சைச் சிக்கெடுக்கிற கார்டிங் மிஷின் எட்டு மாதத்துக்கு முன்னால் அவர் வலது கையை முழங்கைக்குக் கீழே வாங்கிக்கொண்டது. இப்போது அங்கே இருப்பது அரசாங்கத் திட்டத்தில் கிடைத்த கரண்ட் கை. பழைய மாடல், செய்த கம்பெனியே மூடிவிட்டது.

"ஏனுங் அம்மணி, இந்தக் கையில புரோகிராம் ஏற மாட்டேங்குதுங்க. மில்லுல நாலு தடவ பார்த்துட்டாங்க. ஆன்டிவைரஸ் விடறதில்லைன்னு சொல்லி உங்ககிட்ட அனுப்பிச்சாங்க" என்றார் மாரப்பன்.

"என்ன புரோகிராமுங்ணா?"

"விரைகை."

நவமணிக்கு அது மனப்பாடம். ஓடுகிற கார்டிங் மிஷினுக்கு அடியில் சேர்கிற கழிவுப் பஞ்சை, மிஷினை நிறுத்தாமலே கைவிட்டு வழித்தெடுக்கப் பழக்குகிற புரோகிராம். பொங்கலுக்குப் பிறகு அந்த ஒரு மில்லுக்கு மட்டும் நாற்பத்தொரு கைகளில் அவளே ஏற்றியிருக்கிறாள்.

"திங்கக்கெழமைக்குள்ள ஏறோணுமுங்க. ஏறுச்சுன்னா மிஷின் வேலை குடுத்தர்றமுன்னு சொல்லியிருக்காங்க. இல்லீனா இப்பப் பார்க்கிற கூட்டற வேலையும் இந்த மாசத்தோட சரி."

"அதுக்கென்னங்ணா, பத்து நிமிசத்துச் சோலி. உக்காருங்க, டீ சொல்றேன்" என்றாள் நவமணி.

எதிர்க்கடையிலிருந்து நான்கு கண்ணாடி கிளாஸில் டீ வந்தது. மாரப்பன் பேச்சு மும்முரத்தில் வலது கையை நீட்டினார். கிளாஸில் விரல் பட்டதுதான் தாமதம், கை வெடுக்கென்று பின்னால் போனது. டீ மேசையெல்லாம் ஓடியது.

"அந்தக் கை அப்படித்தானுங்க. ரொம்பப் பயந்த கை. சூடு கண்ட பூனையாட்டம். ஊட்டுலயும் தோசைக்கல்லுப் பக்கம் போனா ஓடியாந்துரும்" என்று துளசிமணி சேலைத் தலைப்பால் மேசையைத் துடைத்தாள். மாரப்பன் கூச்சத்தோடு சிரித்தார்.

நவமணி பதிவேட்டைத் திறந்து பெயரெழுதி, பக்கத்தில் 'ஆன்டிவைரஸ் கோளாறு' என்று குறித்தாள். கையில் கேபிளைச் செருகித் திரையைப் பார்த்தாள். முதல் அடியிலேயே வேதம் பொய்த்தது. இந்தப் பழைய காவக்காரனுக்கு மூடு என்ற பொத்தானே கிடையாது.

"ரஃபீக், இவனைத் தூங்க வைக்க வழியே இல்லையா?"

"அந்தக் காலத்து ஆளு, தூங்க மாட்டான். தேதியைப் பாரு. தேதி தப்பா இருந்தாலும் குலைப்பான்" என்றான் ரஃபீக், தன் மேசையில் ஒரு முழங்கால் மூட்டைக் கழற்றியபடி.

தேதி நிஜமாகவே மூன்று வருடம் பின்னால் இருந்தது. சரி செய்து, புரோகிராமை ஏற்றினாள். அறுபத்திரண்டு சதவீதத்தில் நின்றது. திரையில் சிவப்புப் பட்டை: தடுக்கப்பட்டது. புரோகிராம் பாதி அறுந்து வந்திருக்கலாம் என்று புதுசாக ஒரு பிரதியை இறக்கினாள். மறுபடி அறுபத்திரண்டு. அப்புறம் கைக்குள் துழாவியபோது இன்னொன்று கிடைத்தது. திட்ட ஆபீஸில் யாரோ ஒரு புண்ணியவான் இரண்டாவதாக ஒரு ஆன்டிவைரஸை ஏற்றி, பிறகு அரைகுறையாக எடுத்திருக்கிறான். அதன் மிச்சம் மீதி மூலைக்கு மூலை கிடந்தது. ஒரே உறையில் இரண்டு கத்தி என்றால் சண்டை வரத்தானே செய்யும். முக்கால் மணி நேரம் உட்கார்ந்து அத்தனையையும் கூட்டிப் பெருக்கிவிட்டு, இந்தத் தடவை ஏறாமல் எங்கே போகும் என்று பொத்தானை அழுத்தினாள்.

அறுபத்திரண்டு. சிவப்புப் பட்டை.

"என்ன கெரகமோ. இந்தக் கைக்கே ராசி இல்லைங்க" என்றாள் துளசிமணி.

நவமணிக்கு எரிச்சல் வந்தது, பிறகு மெதுவாக அது யோசனையாக மாறியது. மூணு தடவையும் ஒரே இடத்தில் நிற்கிறதே. வருகிறவன் போகிறவனைப் பார்த்தெல்லாம் குலைக்கிற நாய் இப்படி இடம் பார்த்துக் குலைக்காது. சோதித்துப் பார்க்கலாம் என்று சட்டைப் பொத்தான் மாட்டுகிற புரோகிராம் ஒன்றை ஏற்றினாள். சத்தமில்லாமல் ஏறிக்கொண்டது. வெங்காயம் உரிக்கிறது ஒன்று. அதுவும் ஏறியது. சைக்கிள் ஹேண்டில் பிடிக்கிறது. ஏறியது.

அவள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். "ரஃபீக், இவன் எல்லாத்தையும் தடுக்கலை. இந்த ஒண்ணைத்தான் தடுக்கறான்."

"சரி, அவனை மொத்தமாத் தூக்கிட்டுப் புதுசு ஒண்ணை வச்சிரு. மதியத்துக்குள்ள ஆயிரும்."

அதற்கும் வழி இருந்தது. காவக்காரனை நீக்கு என்ற பக்கத்தைத் திறந்தாள். கடைசியாகத் தடுத்ததற்கான காரணத்தைப் படித்தேன் என்று உறுதி கொடுத்தால்தான் அடுத்த பக்கம் போகும். புதுக் கைகளில் இந்த வில்லங்கமெல்லாம் கிடையாது. சலிப்போடு, விவரம் என்று எழுதியிருந்த பொத்தானை அழுத்தினாள். பதினோரு வருடத்தில் அவள் அதை அழுத்தியது அதுவே முதல் தடவை.

இரண்டே வரி வந்தது. 'கையை இழுக்கும்படி உடையவர் தரும் கட்டளையை இந்தப் புரோகிராம் கைக்குப் போகவிடாமல் நிறுத்துகிறது. எனவே இது தீங்கானது.'

நவமணி அதை இரண்டு தடவை படித்தாள். நாற்பத்தொரு கை என்று ஒரு எண் மனசுக்குள் வந்து நின்றது.

அந்த நேரம் பார்த்து மில்லிலிருந்து சூப்பர்வைசர் தாமோதரன் போன் செய்தார். "என்னம்மா, மாரப்பன் கை ரெடியாச்சா?"

"சார், ஒரு சந்தேகமுங்க. விரைகை ஏத்துனா, ஆளு கையை இழுத்தாலும் கை வராதுங்களா?"

"ஓ, அதுவா" என்றார் அவர், சாதாரணமாக. "மிஷினுக்கு அடியில கையை விட்டா, சும்மாவே வெடுக்கு வெடுக்குன்னு இழுத்துக்கறாங்கம்மா. ஒரு ஷிப்டுக்கு நாப்பது தடவை. பாதியில இழுத்தாப் பஞ்சு சிக்கி மிஷின் நின்னு போகுது. புரோகிராம் எழுதுனவங்க அந்த இழுப்பை ரேடியோ இரைச்சலாட்டம் வேண்டாத சிக்னல்னு வச்சு வடிகட்டிட்டாங்க. நெசக் கையின்னா தப்புதான். இது இரும்புதானே? போனா வேற கை மாட்டிக்கலாம்."

"அந்தக் கை ஆளோட சேர்ந்துதானே சார் இருக்குது?"

"இதுவரைக்கும் ஒண்ணும் ஆகலையேம்மா. மதியம் கூப்பிடறேன். அந்த ஆன்டிவைரஸை முதல்ல தூக்குங்க" என்று வைத்துவிட்டார். நல்ல மனிதர்தான். தீபாவளிக்குக் கடைக்கு இனிப்பு அனுப்புகிறவர்.

நவமணி மாரப்பனைப் பார்த்தாள். சொன்னால் புரியுமா, இல்லை காட்ட வேண்டுமா? காட்டிவிடலாம் என்று தோன்றியது. அவளும் பார்க்க வேண்டியிருந்தது.

கடையில் சோதனைக்கென்று ஒரு கை உண்டு. மேசை விளிம்பில் இரும்புப் பிடியில் மாட்டியிருக்கும். அதன் காவக்காரன் புது ரகம். மூடினாள், விரைகையை ஏற்றினாள், திறந்தாள். பதினோரு வருடப் பழக்கத்தில் விரல்கள் தானாக அதைச் செய்தன. பிறகு மாரப்பனின் கரண்ட் கையைக் கழற்றி வைத்துவிட்டு, அவர் முழங்கை முனையிலிருந்த உறையிலிருந்து ஒரு கேபிளை மேசைக் கைக்கு இழுத்தாள்.

"இப்ப அந்த மேசைக் கைதானுங்ணா உங்க கை. அதுக்குச் சுட்டா உங்களுக்குத் தெரியும். நீங்க இழுன்னு நினைச்சா அது இழுக்கோணும். போறதுக்கு ஒரு பாதை, வர்றதுக்கு ஒரு பாதை, புரிஞ்சுதுங்களா? நான் ஒரு சூட்டுக்கம்பியை வைக்கப் போறேன். தாங்காட்டிச் சொல்லுங்க, உடனே நிறுத்திடறேன்."

மாரப்பன் தலையாட்டினார். மேசைக் கை மேசையை வழிக்கத் தொடங்கியது. இடமிருந்து வலம், வலமிருந்து இடம், மிஷினுக்கு அடியில் பஞ்சு வழிப்பது போலவே. நவமணி பற்றவைக்கிற கம்பியைச் சூடாக்கி அது போகிற வழியில் நீட்டினாள். கை வந்து கம்பியின் மேல் பட்டது. பட்டு, அப்படியே கடந்து போனது. திரும்பி வந்து மறுபடியும் பட்டது. ரப்பர்த் தோல் கருகுகிற வாடை எழுந்தது.

"சுடுதுங்க" என்றார் மாரப்பன்.

"இழுங்ணா."

"இழுக்கறனுங்க." அவர் தோள் பின்னால் போனது. உட்கார்ந்திருந்த ஸ்டூலே பின்னால் நகர்ந்தது. நெற்றியில் வேர்வை முத்து முத்தாகக் கட்டியது. "இழுக்கறனுங்க அம்மணி. வரமாட்டேங்குது. இழுக்கறனே."

கை அவர் சொல்வதைக் கேட்காமல் தன் பாட்டுக்கு நிதானமாக வழித்துக்கொண்டிருந்தது. நவமணி கரண்டைப் பிடுங்கினாள். ரஃபீக் முழங்கால் மூட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றிருந்தான்.

துளசிமணிதான் முதலில் வாயைத் திறந்தாள். "அன்னிக்கும் இப்படித்தான சொன்னீங்க. ஆஸ்பத்திரியில மயக்கத்துல கெடந்தப்ப. இழுக்கறேன் இழுக்கறேன்னு ராத்திரி பூரா."

மாரப்பன் கேபிளைத் தானே கழற்றினார். முகத்தைத் துண்டால் துடைத்தார். குரல் இயல்புக்கு வந்த பிறகு சொன்னார்: "ஏத்திருங்க அம்மணி."

"என்னங்ணா சொல்றீங்க? இத்தனையும் பார்த்தப்புறமா?"

"பார்த்தனுங்க. பரவால்லீங்க. மில்லுலயும் அவியெல்லாம் அதை வச்சுத்தான வேலை பார்க்கறாங்க. நான் மட்டும் என்ன ஒசத்தி? நாளைக்கு வேலை போச்சுன்னா ஒரு கையோட எங்க போய் நிப்பேன்? சூதானமா இருந்துக்கறேன். ஏத்துங்க."

நவமணிக்கு அவர் மேல் கோபம் வந்தது. அதைவிட அதிகமாகத் தன் மேல் வந்தது. காவக்காரன் நாற்பத்தொரு தடவை குலைத்திருக்கிறான், அவள் நாற்பத்தொரு தடவை வாயைக் கட்டியிருக்கிறாள். திருடன் வந்ததும் நாயை அடித்து மூலையில் போட்ட கதை. எத்தனை வீட்டில் என்ன ஆகியிருக்கிறதோ? முதலில் அவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். பதிவேட்டைப் புரட்டி, விரைகை ஏற்றிய முதல் பெயரைத் தேடினாள். ஆறுச்சாமி. எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டாள்.

"சொல்லுங்க அம்மணி" என்றது எதிர்க் குரல். பின்னால் சேவல் கூவியது. வீட்டில்தான் இருக்கிறார்.

"ஆறுச்சாமி அண்ணா, உங்க கையில ஒரு தப்புப் பண்ணிட்டேன். நான் ஏத்துன புரோகிராம்ல ஒரு குறை இருக்குது. நீங்க இழுத்தா கை வராது. எனக்கு இன்னிக்குத்தான் தெரியும். நீங்க உடனே வந்தா எடுத்து விட்டுடறேன்."

அந்தப் பக்கம் சேவலை விரட்டுகிற சத்தம் கேட்டது.

"தெரியுமுங்க" என்றார் ஆறுச்சாமி.

"எப்பத் தெரியும்?"

"மொத வாரமே தெரிஞ்சு போச்சுங்க. சுண்டுவெரல் மிஷினோட போயிருச்சு. இரும்பு வெரல்தானேன்னு மில்லுலயே வேற மாட்டிக் குடுத்தாங்க."

"என்கிட்ட ஏன் சொல்லலீங்ணா?"

"சொன்னா எடுத்துருவீங்க" என்றார் அவர், குழந்தைக்குச் சொல்வது போல. "எடுத்துட்டா மிஷினை விட்டு இறக்கிருவாங்க. உங்களைத் தப்பு சொல்லலீங்க அம்மணி, வெசனப்படாதீங்க. நீங்க நல்லதுக்குத்தான ஏத்துனீங்க. எடுக்க வேண்டாம்."

"தோள் வரைக்கும் இழுத்துட்டா என்னங்ணா பண்ணுவீங்க?"

"அது இன்னும் நடக்கலீங்க" என்று சொல்லி, சாப்பிட உட்கார்ந்ததாகக் காரணம் காட்டி வைத்துவிட்டார்.

நவமணி போனை மேசை மேல் வைத்தாள். மாரப்பன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்குச் சட்டென்று விளங்கியது.

"உங்களுக்கும் முன்னமே தெரியுமுங்களா?"

"மில்லுல எல்லாத்துக்கும் தெரியுமுங்க. கடைக்குத்தான் தெரியாது" என்றார் மாரப்பன்.

"எனக்குத் தெரியாதே" என்றாள் துளசிமணி. சத்தம் போடவில்லை. "கோயிலுக்கு நேர்ந்துக்கிட்டேன் மாமா, இந்தப் புரோகிராம் ஏறோணும்னு. என்னைய எதுக்கு வேண்டிக்க வச்சீங்க?"

மாரப்பன் அவள் முகத்தைப் பார்க்காமல் திரும்பினார். கழற்றி வைத்த கரண்ட் கையை இடது கையால் எடுத்து உறையில் மாட்டிக்கொண்டார். விரல்களை ஒரு முறை மடக்கி நீட்டினார். "ஏத்துங்க அம்மணி. என்ர கை. நான்தான சொல்றேன்" என்றார்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கை அவருடையது, வயிறு அவருடையது. வேண்டாம் என்று சொல்ல அவள் யார்? திங்கட்கிழமை காலையில் நஷ்டம் அவருக்குத்தான், கடைக்குப் பூட்டு விழப் போவதில்லை. நவமணி ரஃபீக்கைப் பார்த்தாள். அவன் சுவரிலிருந்த தன் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரிங்ணா" என்றாள் கடைசியில். "பழைய காவக்காரனை நீக்கோணும்னா உடையவர் சம்மதம் வேணும். நான் பொத்தானை அழுத்திப் பிரயோசனம் இல்லை. இந்தப் பலகை மேல உள்ளங்கையை வச்சு, பத்து எண்ணற வரைக்கும் எடுக்காம இருங்க. அவ்வளவுதான்."

அது ஒரு சிலேட்டு அளவுக் கண்ணாடிப் பலகை. பச்சை வெளிச்சம் வந்தது. மாரப்பன் வலது உள்ளங்கையை அதன்மேல் வைத்தார். நவமணி எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. நான்கு சொல்வதற்குள் கை வெடுக்கென்று பின்னால் வந்தது.

"மன்னிச்சுக்குங்க. கூச்சமா இருந்துச்சு" என்றார் அவர்.

"பலகை சுடலீங்களே?"

"இல்லீங்க. சில்லுனுதான் இருக்குது." மறுபடி வைத்தார். இந்தத் தடவை பல்லைக் கடித்துக்கொண்டு, இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். ஆறு வரை போனது. ஏழில், இடது கையையும் உதறிக்கொண்டு கை மார்போடு வந்து ஒட்டிக்கொண்டது.

"பயந்த கை, அந்தக் கையே இப்படித்தான். கோளாறு பிடிச்சது" என்று மாரப்பன் முணுமுணுத்தார். "நான் இழுக்கலீங்க அம்மணி. சத்தியமா நான் இழுக்கலை."

"அந்தக் கைக்குத் தானா இழுக்கத் தெரியாதுங்ணா" என்றாள் நவமணி. "நீங்க சொல்லாம அது ஒரு விரலைக் கூட அசைக்காது. அப்படித்தான் செஞ்சிருக்காங்க. இத்தனை நாளும் டீ கிளாஸைப் பார்த்து ஓடுனது அது இல்லை, நீங்க. இப்ப வேண்டாம்னு சொல்றதும் நீங்கதான்."

மாரப்பன் மூன்றாம் தடவை கையை நீட்டினார். பலகைக்கு ஒரு சாண் மேலேயே அது நின்றுவிட்டது. விரல்கள் நடுங்கின. நிஜக் கை நடுங்குவது போலவே இருந்தது. அவர் அதையே பார்த்தபடி இருந்தார். கண்ணில் நீர் முட்டி, மீசையில் இறங்கியது. எட்டு மாதமாக யாரிடமும் சொல்லாததை எல்லாம் கை சொல்லிக்கொண்டிருந்தது.

துளசிமணி ஸ்டூலை இழுத்துப் போட்டு அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தரத்தில் நின்ற கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். அது பின்னால் போகவில்லை.

"மாசக்கடைசி வரைக்கும் கூட்டுங்க. அப்புறம் நான் எங்காவது வேலைக்குப் போறேன். இழுத்துக்கற கையோட ஊடு வந்து சேர்ந்தாப் போதும் எனக்கு" என்றாள்.

பன்னிரண்டரைக்குத் தாமோதரன் போன் வந்தது. நவமணி எடுத்தாள்.

"ஏறலீங்க சார்."

"ஆன்டிவைரஸ் கோளாறு இன்னும் சரியாகலையா?"

"ஆன்டிவைரஸ்ல ஒரு கோளாறும் இல்லீங்க சார். அது நல்லா வேலை செய்யுது" என்றாள். அவர் மேலே என்னவோ கேட்டார். கார்டிங் மிஷினை நிறுத்தாமல் சுத்தம் பண்ணுகிற புரோகிராமை இனி இந்தக் கடையில் ஏற்ற மாட்டோம், காரணத்தை எழுதி உங்களுக்கும் தொழிற்சாலை ஆய்வாளர் ஆபீஸுக்கும் அனுப்புகிறோம் என்றாள். அவர் போனை வைத்துவிட்டார். அடுத்த தீபாவளிக்கு இனிப்பு வராது என்று ரஃபீக் சொன்னான்.

பதிவேட்டில் மாரப்பன் பெயருக்குப் பக்கத்தில் எழுதியிருந்ததை அவள் அடித்தாள். அதற்கு மேலே இன்னும் நாற்பத்தொரு பெயர்கள் இருந்தன. ஆறுச்சாமி சொன்னதையேதான் எல்லோரும் சொல்லப் போகிறார்கள். தெரியும், எடுக்க வேண்டாம், வெசனப்படாதீங்க. ஒவ்வொருவருக்கும் ஒரு குடும்பம், ஒரு மிஷின். வாயால் கேட்டால் ஒருவரும் விரைகை வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். எப்படிக் கேட்பது என்று தெரியாமல் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தாள்.

மாரப்பன் எழுந்து வந்து பதிவேட்டை எட்டிப் பார்த்தார். பெயர்களின் மேல் இடது கை விரலை ஓட்டி, ஓரிடத்தில் நிறுத்தினார். "இந்தச் செங்கோடன் எங்க வளவுல குடியிருக்கறவன்தானுங்க. மொத ஷிப்ட். இன்னும் ஒண்ணரை மணி நேரத்துல வெளிய வருவான்." கொஞ்சம் யோசித்தார். "ஏனுங் அம்மணி, அந்த மேசைக் கையில அந்தக் கருமத்தை எடுத்துட்டா, எல்லாருக்கும் மாட்டிப் பார்க்கலாமுங்களா? வாய் சொல்லாததைக் கை சொல்லுமுங்களே."

"எல்லாருக்கும் சேருமுங்ணா."

ரஃபீக் மேசைக் கையை அருகில் இழுத்து, கேபிளைச் செருகினான். கருகின தோலைக் கத்தியால் சுரண்டி எடுத்து, புதுத் தோல் ஒன்றை மாட்டத் தொடங்கினான்.

மாரப்பன் தன் போனை எடுத்தார். ஷிப்டில் போனை அணைத்து வைப்பார்கள் என்பதால் குரலைப் பதிவு செய்து அனுப்பினார்.

"செங்கோடா, நான் மாரப்பன் பேசறேன். ஷிப்ட் முடிஞ்சு நேரா கை ஆஸ்பத்திரிக்கு வா. பயப்படறதுக்கு ஒண்ணுமில்லைடா. எனக்கு வேலை கெடைக்கலை, அதைப் பொறவு பேசிக்கலாம். ஆறுச்சாமி அண்ணனையும் கூட்டிட்டு வா. இங்க எதிர்க்கடையில டீ நல்லாருக்குது. சூடா ஒரு டீ குடிக்கலாம்."